நெத்திலிக்கு ஒரு வலை: சோதனை நாவலாசிரியர் எதனால் பெரியவர்?

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் புத்தகம் பேசுகிறோம். பள்ளி ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், நாட்டுப்படகு வைத்திருக்கும் இரண்டு பேர், கருவாட்டு வியாபாரம் பார்க்கும் ஓர் அக்கா. போன தடவை பேச்சு சோதனை நாவல்கள் பக்கம் திரும்பியது. "புரியாத மாதிரி எழுதிட்டா பெரிய எழுத்தாளர்னு சொல்லிருறாங்க, அவ்வளவுதானே டீச்சர்?" என்று படகுக்காரத் தம்பி ஒருவர் கேட்டார். உடனே ஒரு கல்லூரி மாணவர், "புரியலைன்னா அது வாசிக்கிறவங்க குறைண்ணே" என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை என்று எனக்குப் பட்டது. அன்றைக்கு நேரமாகிவிட்டதால் கலைந்து போனோம். அந்தத் தம்பியின் கேள்வி நியாயமானது. அதற்கான பதிலை நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். இதைப் படிக்க எந்த முன்படிப்பும் தேவையில்லை.

வலையும் மீனும்

கரைவலை இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், வலை முழுக்க ஒரே அளவு கண் இருக்காது. இரண்டு பக்கமும் நீளும் கைகளில் கண் பெரிதாக இருக்கும். மீனை மிரட்டி நடுவே தள்ளுவது அவற்றின் வேலை. நடுவில் உள்ள மடியில் கண் மிகப் பொடியாக இருக்கும். மீன் தங்குவது அங்கேதான். மடியிலும் பெரிய கண் வைத்தால் நெத்திலியும் சூடையும் நழுவிவிடும். கைகளிலும் பொடிக்கண் வைத்தால் தண்ணீர் பிடித்துக்கொண்டு, எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் வலை கரைக்கு வராது.

எந்த மீன் வேண்டுமோ அதற்கேற்ற கண். நண்டு வலையைப் போட்டுவிட்டு நெத்திலி படவில்லையே என்று யாரும் வருத்தப்படுவதில்லை.

நாவலையும் ஒரு வலையாக நினைத்துப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அந்த வலையை அருமையாகப் பின்னியிருந்தார்கள். தமிழுக்கு அது 1879இல் அச்சான 'பிரதாப முதலியார் சரித்திரம்' மூலம் வந்து சேர்ந்தது. ஊர், குடும்பம், கல்யாணம், சொத்துத் தகராறு, நல்லவன் பட்ட கஷ்டம் எல்லாம் அந்த வலையில் படும். ஆனால் சில விஷயங்கள் அதன் கண்ணுக்குள் புகுந்து ஓடிவிட்டன. உலை கொதிக்கும் நேரத்தில் ஒருத்தியின் மனத்துக்குள் ஓடுவது, ஒரே சாவை ஐந்து பேர் ஐந்து விதமாகச் சுமப்பது, பத்து வருடம் கழித்துத் திரும்பி வரும்போது வீடு அதே வீடாகவும் வேறு வீடாகவும் இருப்பது. இவையெல்லாம் வாழ்க்கையில் எப்போதும் இருந்தவைதான், வலையில்தான் படவில்லை.

இவற்றைப் பிடிக்க வலையைப் பிரித்து வேறு கண் போட்டுப் பின்னியவர்களைத்தான் சோதனை நாவலாசிரியர்கள் என்கிறோம்.

இரண்டு சொற்கள், இரண்டு குழப்பங்கள்

'சோதனை' என்றதும் நமக்குப் பரீட்சை ஞாபகம் வருகிறது. வாசகருக்குப் பரீட்சை வைப்பதுதான் சோதனை நாவல் என்று பலர் நினைப்பதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணமாக இருக்கலாம். இங்கே பரீட்சை வாசகருக்கு இல்லை. கையிலிருக்கும் வடிவம் தாங்குமா, எதுவரை தாங்கும் என்று எழுத்தாளர் தன் கருவிக்கு வைக்கும் பரீட்சை அது.

'நவீனம்' இன்னொரு குழப்பம். பேச்சுத் தமிழில் நவீனம் என்றால் புதிது, இன்றைக்கு உள்ளது. நவீனத்துவம் என்பது வேறு. ஏறத்தாழ 1900க்கும் 1940க்கும் இடையில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், பழைய வடிவங்களால் புதிய வாழ்க்கையைச் சொல்ல முடியவில்லை என்று உணர்ந்த எழுத்தாளர்களும் ஓவியர்களும் செய்த மாற்றங்களுக்கு மொத்தமாக வைத்த பெயர் அது. தமிழில் அந்த அலை பிந்தி வந்தது. ஆகவே நவீனத்துவ நாவல் என்றால் நேற்று வெளிவந்த நாவல் என்று பொருளில்லை. அவற்றில் பல நூறு வயதைத் தொட்டுவிட்டன.

அது ஏன் அந்தக் காலத்தில் வந்தது? 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப்போர் ஒரு பெரிய காரணம். பழைய நாவல்களில் கதை சொல்பவருக்கு எல்லாம் தெரியும். யார் மனத்தில் என்ன, நாளைக்கு என்ன நடக்கும், எது நியாயம் என்று மேலிருந்து பார்த்துச் சொல்வார். அந்தக் குரலுக்கு 'எல்லாம் அறிந்த கதைசொல்லி' என்று பெயர். லட்சக்கணக்கான பிள்ளைகள் பதுங்குகுழிகளில் செத்துக்கிடந்த பிறகு, எல்லாம் எனக்குத் தெரியும் என்று பேசும் குரலை நம்புவது கடினமாகிவிட்டது.

இந்தக் கரையில் இருக்கும் நமக்கு இது புரிவதற்குப் போர் தேவையில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் அடித்த புயலைப் பற்றி என் சின்ன வயதில் பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். ஒருவர் காற்றின் சத்தத்தை மட்டும் சொல்வார். ஒருவருக்குக் கூரைத் தகரம் பறந்தது மட்டும் ஞாபகம் இருந்தது. ஒரு பாட்டி இரவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டார், விடிந்தபின் மணல் எப்படிக் கிடந்தது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். பாம்பனிலிருந்து போன ரயில் கடலுக்குள் போனதை எல்லோரும் சொல்வார்கள், பார்த்ததாக ஒருவரும் சொன்னதில்லை. அந்த இரவை மேலிருந்து முழுசாகப் பார்த்த கண் எதுவும் கிடையாது. இதை எல்லாம் அறிந்த ஒரு குரல் ஒழுங்காக வரிசைப்படுத்திச் சொன்னால் தகவல் கிடைக்கும். அந்தப் பாட்டி ஏன் இரவைத் தாண்டி விடியலுக்குப் போகிறார் என்பது கிடைக்காது.

அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னர் 1930இல் வெளியிட்ட 'ஆஸ் ஐ லே டையிங்' நாவலில் செய்தது இதைத்தான். ஒரு ஏழைக் குடும்பம் செத்துப்போன தாயைச் சவப்பெட்டியில் வைத்து, அவள் கேட்டுக்கொண்ட ஊரில் புதைக்க வண்டி கட்டிக்கொண்டு போகிறது. கதை அவ்வளவுதான். அதை 15 பேர் 59 அத்தியாயங்களில் மாறி மாறிச் சொல்கிறார்கள். செத்தவளும் ஓர் அத்தியாயம் பேசுகிறாள். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல ஆசிரியர் வருவதே இல்லை. தீர்ப்புச் சொல்லாமல் விட்டது அவர் அலட்சியம் என்று சிலர் நினைக்கிறார்கள். துக்க வீட்டில் அப்படி ஒரு தீர்ப்பு இருக்கவே முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று நான் நினைக்கிறேன்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். நாவலின் வடிவம் ஒரு வலை. சில உண்மைகள் பழைய வலையில் படவில்லை. அவற்றுக்காக வலையை மாற்றிப் பின்னியதுதான் சோதனை.

மனத்துக்குள் ஓடும் பேச்சு

இந்த நாவல்களைப் பற்றிப் பேசும்போது 'நனவோடை' என்ற சொல் அடிக்கடி வரும். மனத்தில் எண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டு இழுத்துக்கொண்டு ஓடுவதை, ஒழுங்குபடுத்தாமல் அந்த ஓட்டத்திலேயே எழுதும் முறைக்கு அந்தப் பெயர். எண்ணத்தை ஓடும் நீராகப் பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். 1890இல் வந்த தன் பெரிய உளவியல் நூலில் அவர் அப்படிச் சொன்னார். 1918இல் மே சின்க்ளேர் என்ற எழுத்தாளர் டாரதி ரிச்சர்ட்சனின் நாவல்களைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லை நாவலுக்குக் கொண்டு வந்தார்.

இதை விளக்கிக்கொண்டே போவதைவிட எழுதிக் காட்டுவது சுலபம். ஒரு பெண், பெயர் அமலி என்று வைத்துக்கொள்வோம், தென்கடல் கரையில் கணவனின் படகுக்காகக் காத்திருக்கிறாள். முதலில் பழைய முறையில்:

அமலி கரையில் நின்றாள். மற்றப் படகுகள் வந்துவிட்டன. அவள் கணவனின் படகு மட்டும் வரவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. பல வருடங்களுக்கு முன்பு தன் மாமியாரும் இப்படி ஒருநாள் காத்து நின்றதை அவள் நினைத்துக்கொண்டாள்.

இதில் எந்தக் குறையும் இல்லை. விஷயம் தெரிகிறது. அடுத்தது, சோதனை என்ற பெயரில் நாம் அடிக்கடி பார்க்கும் ஒன்று:

கரை. கரை. கரை. காலம் தன் வாலைத் தானே விழுங்கும் நீலப் பாம்பு. அமலி இல்லை. அமலி என்னும் சொல் நிற்கிறது சொல்லின் நிழலில்.

மூன்றாவது:

ஆறு. அடுப்ப அணைச்சோமா. அணைச்சோம். ஏழு, அந்தப் பச்சை, இல்ல, அது பெரியவர் வீட்டுப் பச்சை. சின்னவளுக்குத் திங்கக்கெழம ஃபீஸ். அன்னைக்கும் காத்து இப்படித்தான் சும்மா கெடந்துச்சாம், மாமி சொல்லும், எல அசையலயாம், உலைய வச்சுட்டு வந்து நின்னுச்சாம். எட்டு. அணைச்சோம். ஏழுதான், எட்டு இல்ல, அந்தப் பச்சைய ரெண்டு தடவ எண்ணிட்டேன்.

மூன்றாவதில் பயம் என்ற சொல்லே இல்லை. எண்ணிக்கை தப்புகிறது, அதில் பயம் இருக்கிறது. மாமியாரின் கதை உலை வைத்த இடத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்ததை அமலி நினைக்க மறுக்கிறாள். அடுப்பை அணைத்தோமா என்று அவள் ஏன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறாள் என்பது அங்கேதான் நமக்கு உறைக்கிறது. மாமியாரைப் போல அடுப்பை எரியவிட்டு வரவில்லை என்று தனக்குத் தானே உறுதி சொல்லிக்கொள்கிறாள், அப்படிச் செய்தால் மாமியாருக்கு வந்தது தனக்கு வராது என்பதுபோல.

இந்த முறை வேலை செய்யும் விதம் இதுதான். பழைய கதைசொல்லி இரண்டு விஷயங்களை இணைத்து நம் கையில் கொடுப்பார்: 'இதனால் அவளுக்குப் பயம்.' புதிய எழுத்தாளர் அந்த இணைப்பை எடுத்துவிடுகிறார். இரண்டு விஷயங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இணைக்க வேண்டியவர் நாம். இணைக்கும் அந்த நொடியில் பயம் அமலியிடமிருந்து நமக்கு வந்துவிடுகிறது. சோதனை நாவல்களில் வாசகர் படும் சிரமத்தில் பெரும்பகுதி இந்த இணைக்கும் வேலைதான்.

இரண்டாவதிலும் சிரமம் இருக்கிறது. ஆனால் அங்கே இணைப்பதற்கு எதுவும் இல்லை. பாம்புக்கும் அமலிக்கும் என்ன தொடர்பு என்று எவ்வளவு நேரம் யோசித்தாலும் அமலியைப் பற்றி ஒன்றும் கிடைக்காது. படகுக்காரத் தம்பிக்கு வரும் கோபம் இந்த மாதிரி எழுத்தின் மேல் என்றால் அந்தக் கோபம் நியாயம்.

திருப்பிச் சொல்லிப் பாருங்கள்

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஒரு சோதனை நாவலின் பகுதியை எடுத்துக்கொண்டு, நேரான தமிழில், நடந்தது நடந்தபடி, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோலத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். சொல்லி முடித்ததும் எதுவும் குறையவில்லை என்றால் அந்தச் சோதனை வெறும் ஜோடனை. சொல்லச் சொல்லக் கையிலிருந்து நழுவிப் போகிறது, மிஞ்சுவது சக்கை என்றால், அந்த வடிவம் அந்த விஷயத்துக்காகவே பிறந்தது. சோதனை எழுத்தில் பெரியவர் என்று நான் மதிப்பது, தன் புத்தகத்தின் பெரும்பகுதியில் இந்தப் பரீட்சையில் தேறுகிறவரை. எல்லாப் பக்கத்திலும் தேறியவர் யாரும் இல்லை.

ஒருவரை எடுத்துக்கொண்டு விரிவாகப் பார்ப்போம்.

கலங்கரை விளக்கமும் காலி வீடும்

ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வூல்ஃப் 1882இல் லண்டனில் பிறந்தவர். அவர் கணவர் லெனார்ட் வூல்ஃபுக்கு நம் கடலோடு ஒரு தொடர்பு உண்டு. 1904 முதல் 1911 வரை லெனார்ட் இலங்கையில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்தார். யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்த காலத்தில், 1906இல், மன்னார் வளைகுடாவின் அந்தப் பக்கம் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பை மேற்பார்க்கப் போனார். அரபிகளும் தமிழர்களும் மூழ்கி மூழ்கி எழுந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1917இல் கணவனும் மனைவியும் வீட்டிலேயே ஒரு கையச்சு எந்திரம் வாங்கி வைத்துப் பதிப்பகம் தொடங்கினார்கள். பதிப்பாளருக்குப் பிடிக்குமா என்று பார்க்காமல் வர்ஜீனியாவால் எழுத முடிந்ததற்கு அந்த எந்திரமும் ஒரு காரணம்.

1927இல் வந்த 'டு தி லைட்ஹவுஸ்' நாவலின் கதையை இரண்டு வரியில் சொல்லலாம். ஒரு பெரிய குடும்பம் விடுமுறைக்குக் கடலோர வீட்டில் தங்கியிருக்கிறது. ஆறு வயதுப் பையன் ஜேம்ஸ் நாளைக்குப் படகில் கலங்கரை விளக்கத்துக்குப் போகவேண்டும் என்று ஆசைப்படுகிறான். வானிலை நன்றாக இருந்தால் போகலாம் என்கிறார் அம்மா. நன்றாக இருக்காது என்கிறார் அப்பா. போகவில்லை. பத்து வருடம் கழித்துப் போகிறார்கள். அப்போது அம்மா இல்லை.

நாவல் மூன்று பகுதி. முதல் பகுதி ஒரே ஒரு பிற்பகலும் மாலையும்தான். ஆனால் புத்தகத்தில் பாதிக்கு மேல் அதுவே. அம்மா, விளக்கக் காவலரின் மகனுக்குக் கொடுப்பதற்காக ஒரு காலுறை பின்னிக்கொண்டிருக்கிறார். பின்னும்போது என்னென்ன நினைக்கிறார், எதிரே இருக்கும் ஓவியப் பெண் அவரைப் பார்த்து என்ன நினைக்கிறாள், கணவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு மனத்திலிருந்து இன்னொரு மனத்துக்கு எழுத்து நழுவிப் போய்க்கொண்டே இருக்கிறது. இங்கே மடியின் பொடிக்கண்.

நடுப்பகுதியில் பத்து வருடங்கள் சில பக்கங்களில் போய்விடுகின்றன. வீட்டைக் கூட்டிப் பெருக்க வரும் கிழவியைத் தவிர அங்கே மனிதர்கள் அநேகமாக இல்லை. காலி வீடு, அதற்குள் காற்று நுழைகிறது, சுவர்த்தாள் உரிகிறது, மழை, தூசி, ஒரு சால்வையின் மடிப்புத் தானாக அவிழ்கிறது. அந்தப் பக்கங்களின் நடுவே, சதுர அடைப்புக்குறிக்குள், அப்பா ஒரு விடிகாலையில் கைகளை நீட்டுகிறார், முந்தின இரவு அம்மா இறந்துவிட்டதால் நீட்டிய கை வெறுமையாகவே இருக்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம். மூத்த மகள் பிரசவத்தில் போகிறாள், அதுவும் அடைப்புக்குறிக்குள். ஒரு மகன் பிரான்சில் குண்டுபட்டுச் சாகிறான், அதற்கும் அதே அடைப்புக்குறி. இங்கே வலையின் கண் மிகப் பெரிது. மனிதர்கள் அதன் வழியே ஓடிவிடுகிறார்கள்.

இப்போது திருப்பிச் சொல்லிப் பார்க்கலாம். அம்மா இரவில் திடீரென்று இறந்தார், குடும்பம் அழுதது, பத்து வருடம் வீட்டுக்கு யாரும் வரவில்லை. சொல்லிவிட்டேன். என்ன போயிற்று? பாதிப் புத்தகம் நாம் அந்த அம்மாவின் மனத்துக்குள்ளேயே வாழ்ந்தோம். அவர் சாவை ஓர் அடைப்புக்குறியில் படித்ததும் நாம் பக்கத்தைத் திருப்பிப் பின்னால் போகிறோம், தவறாகப் படித்துவிட்டோமோ என்று. சாவுச் செய்தி வீட்டுக்கு வரும்போது நாம் செய்வது அதுதானே? போனில் சொன்னவரிடம் "யாரு? யாரைச் சொல்றீங்க?" என்று திரும்பக் கேட்போமே, அது. பெரிய மரணக் காட்சி ஒன்றை எழுதியிருந்தால் நாம் அழுது முடித்திருப்போம், முடிந்திருக்கும். அடைப்புக்குறி நம்மை அழவிடவில்லை. அதனால் மூன்றாம் பகுதி முழுக்க அந்த அம்மாவின் இல்லாமை நம் கூடவே வருகிறது, கலங்கரை விளக்கம் வரை.

நான் முதல்முறை அந்த நடுப்பகுதியைப் படித்தபோது எனக்குத் தனுஷ்கோடி மாதா கோயிலின் கூரையில்லாத சுவர்கள்தான் கண்ணில் நின்றன. அங்கே உள்ளே நின்றால் தரை எது, மணல் எது என்று தெரியாது. காற்று எந்த அவசரமும் இல்லாமல் மணலை உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருக்கும். யார் இருந்தார்கள், யார் போனார்கள் என்பது காற்றுக்குப் பொருட்டே இல்லை. வூல்ஃப் எழுத விரும்பியது அந்த 'பொருட்டே இல்லை' என்பதை. அதை எழுத, மனிதர்களை அடைப்புக்குறிக்குள் தள்ளுவதைத் தவிர வேறு வழி அவருக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வூல்ஃபின் தாய் இறந்தபோது அவருக்கு 13 வயது. நாற்பது வயதைத் தாண்டியும் தாயின் குரல் தனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது, இந்த நாவலை எழுதி முடித்தபின் அது நின்றது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்.

சுருக்கமாக: பெரிய சோதனை எழுத்தில் வடிவத்தை எடுத்துவிட்டால் விஷயமும் கூடவே போய்விடும்.

பழைய தொழில் தெரிந்த கை

கச்சான் காற்று எப்போது திரும்பும், வாடைக்காற்று எப்போது விழும் என்று தெரியாதவர் பாயை வேறு மாதிரி கட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பினால் அதைத் துணிச்சல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பழைய முறையில் எழுதத் தெரியாததால்தான் இவர்கள் இப்படி எழுதினார்கள் என்பது இந்த எழுத்தாளர்களைப் பற்றிய இன்னொரு தவறான எண்ணம். வூல்ஃபின் முதல் இரண்டு நாவல்கள், 1915இலும் 1919இலும் வந்தவை, பெருமளவு பழைய முறையில் எழுதியவைதான். அயர்லாந்துக்காரரான ஜேம்ஸ் ஜாய்ஸின் முதல் சிறுகதைத் தொகுப்பு 1914இல் வந்தது. ஒரு சொல் கூடுதலாக இல்லாத, நேரான கதைகள்.

அந்த ஜாய்ஸ்தான் 1922 பிப்ரவரி 2இல், தன் நாற்பதாவது பிறந்தநாளில், பாரிஸில் 'யுலிஸிஸ்' நாவலை வெளியிட்டார். 1904 ஜூன் 16 என்ற ஒரே நாள், டப்ளின் என்ற ஒரே ஊர், 18 அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் வேறு முறையில். நாயகர் லியோபோல்ட் புளூம் பத்திரிகைக்கு விளம்பரம் பிடித்துத் தரும் சாதாரண ஆள். காலையில் பூனைக்குப் பால் வைக்கிறார், கறி வாங்கப் போகிறார், ஒரு துக்கத்துக்குப் போகிறார், ஊரைச் சுற்றுகிறார், இரவு வீட்டுக்குத் திரும்புகிறார். கடைசி அத்தியாயத்தில் அவர் மனைவி மாலி படுக்கையில் விழித்தபடி நினைப்பது மட்டும், நிறுத்தக்குறிகள் ஏறக்குறைய இல்லாமல், எட்டே நீண்ட வாக்கியங்களில் ஓடுகிறது.

நிறுத்தக்குறி இல்லை என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. ஜாய்ஸ் இந்த நாவலை எழுதியபோது டப்ளினில் இல்லை. திரியெஸ்த், சூரிச், பாரிஸ் என்று வெளியூர்களில் இருந்தபடி எழுதினார். 1921இல் ஊரிலிருந்த தன் அத்தைக்கு எழுதிக் கேட்டார்: எக்லிஸ் தெரு 7ஆம் எண் வீட்டின் கம்பி வேலியில் ஒரு சாதாரண ஆள் ஏறி, அடிபடாமல் உள்ளே இறங்க முடியுமா? நாவலில் புளூம் சாவியை மறந்துவிட்டு அப்படி இறங்கவேண்டியிருந்தது. உலகத்தையே புரட்டிப் போடும் நாவலை எழுதுகிறவருக்கு ஒரு வேலியின் உயரம் சரியாகத் தெரியவேண்டியிருந்தது. பெரிய சோதனை எழுத்தாளர்களிடம் நான் மறுபடி மறுபடி காண்பது இந்தத் துல்லியம். வடிவம் எவ்வளவு விநோதமாகப் போனாலும் அடுப்பு, வேலி, காலுறை, கறிக்கடை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். நான் எழுதிக் காட்டிய நீலப் பாம்பில் இல்லாதது அதுதான்.

இங்கே என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். யுலிஸிஸில் ஓர் அத்தியாயம் பிரசவ ஆஸ்பத்திரியில் நடக்கிறது. குழந்தை வயிற்றில் வளர்வதைப் போல ஆங்கில உரைநடையின் நடைகள் பழையதிலிருந்து புதியதுக்கு வரிசையாக வளர்ந்து வருகின்றன. வியக்கத்தக்க திறமை. ஆனால் திருப்பிச் சொல்லிப் பார்த்தால் அங்கே இருக்கும் மனிதர்களைப் பற்றி எனக்கு அதிகம் ஒன்றும் நழுவவில்லை. ஜாய்ஸை மதிப்பதற்காக அந்த அத்தியாயத்தை எல்லோரும் ரசித்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

நம் பக்கத்து ஆள்

இதெல்லாம் வெள்ளைக்காரர் விஷயம், நமக்கு ஒட்டாது என்றும் சொல்வார்கள். அவர்களுக்கு ப. சிங்காரத்தைச் சொல்வேன். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். அந்த ஊர் இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது, அன்று நம் ராமநாதபுரம் மாவட்டம். இளவயதில் சுமத்ராவின் மெடான் நகருக்கு வேலைக்குப் போனார். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தார். எழுதியவை இரண்டே நாவல்கள். இரண்டாவது நாவலான 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. அவர் காலத்தில் அதைப் பெரிதாகப் பேசியவர்கள் குறைவு.

ஜப்பானியர் பிடித்த தென்கிழக்காசியா, இந்திய தேசிய ராணுவம், கடல் பயணம் என்று திருப்பிச் சொன்னால் அது ஒரு நல்ல சாகசக் கதை. நழுவிப்போவது நாயகன் பாண்டியனின் மனம். அவன் இருப்பது மெடான், மனத்துக்குள் ஓடுவது மதுரைத் தெருக்கள். அந்த மொழியில் வட்டிக்கடைப் பேச்சும் மலாய்ச் சொற்களும் பழந்தமிழ்ப் பாட்டின் சாயலும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே வரும். இதை ஆசிரியரின் வித்தை என்று படிப்பவர்கள் உண்டு. கீழக்கரையிலோ தொண்டியிலோ வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு பெரியவரோடு ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள். இங்கே உட்கார்ந்திருப்பார், பாதி வாக்கியத்தில் கொழும்புக்கோ பினாங்குக்கோ போய்விடுவார், அந்த ஊர்ச் சொல் ஒன்று வாயில் வரும், அப்புறம் தன் உம்மா சொன்ன பழமொழியோடு திரும்பி வருவார். புலம்பெயர்ந்த மனம் ஓடுவதே அப்படித்தான். சிங்காரம் அதற்கேற்ற கண் போட்டு வலை பின்னினார்.

முதலில் செய்தவரே பெரியவர் என்றும் ஒரு வாதம் உண்டு. மனத்தின் ஓட்டத்தை நாவல் முழுக்க எழுதியதில் டாரதி ரிச்சர்ட்சன் ஜாய்ஸுக்கும் வூல்ஃபுக்கும் முந்தியவர். இன்று அவரைப் படிப்பவர்கள் குறைவு. அது அவருக்கு நேர்ந்த அநியாயம் என்று நினைக்கிறேன். ஆனாலும் முந்தியதை மட்டும் வைத்து எடை போட முடியாது.

எங்கே தொடங்கலாம்

யுலிஸிஸில் தொடங்காதீர்கள். தமிழில் படிப்பவர்கள் சிங்காரத்தில் தொடங்கலாம். ஆங்கிலம் ஓரளவு வரும் என்றால் வூல்ஃபின் அந்த நாவலை எடுங்கள், நாளைக்குப் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டு, முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். இவற்றில் பல, காதுக்காக எழுதியவை. ஒரு பக்கம் புரியவில்லை என்றால் நின்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த பக்கத்துக்குப் போங்கள். யாருடைய மனத்துக்குள் இருக்கிறோம் என்பது மட்டும் தெரிந்தால் போதும். மூன்று நாள் படித்தும் அடுப்போ வேலியோ காலுறையோ ஒன்றுகூடக் கையில் தட்டுப்படவில்லை என்றால் புத்தகத்தை மூடிவிடலாம், அதில் தப்பில்லை.

ஃபாக்னரின் நாவலில் கடைசிப் பையன் வார்டமன். அம்மா சாகும் அன்றைக்கு அவன் ஒரு பெரிய மீன் பிடித்துக்கொண்டு வருகிறான். அதை அவனே வெட்டுகிறான். அம்மாவைப் பெட்டியில் வைத்து ஆணி அடித்தபின், அவள் மூச்சு விடுவதற்காகப் பெட்டியில் துளை போடுகிறான். அவன் பேசும் அத்தியாயங்களில் ஒன்று முழுவதும் ஒரே வாக்கியம்: "என் அம்மா ஒரு மீன்." இலக்கிய விவாதங்களில் புரியாத எழுத்துக்கு உதாரணமாக இந்த வாக்கியத்தைச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

போன வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு பாடவேளை மிச்சம் கிடைத்தது. அந்தக் குடும்பத்தின் கதையை, மீன் பிடித்தது, வெட்டியது, பெட்டி செய்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் கரும்பலகையில் எழுதினேன். வேறெதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் வகுப்பு அமைதியாக இருந்தது. கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன், அவன் அப்பா நாட்டுப்படகில் போகிறவர், எழுந்து நின்று மெதுவாகச் சொன்னான்: "காலையில அது மீனா இருந்துச்சு டீச்சர். அவன் வெட்டினப்புறம் அது மீன் இல்ல. அம்மாவும் காலையில இருந்தாங்க."